பாட்டின் கடைசி இருபது நொடி

அந்த மாவுமில் எங்கே இருக்கிறது என்று ஆஷ்லின் சொல்லியிருக்கக் கூடாது. யாரும் கேட்காமலே பாதியைச் சொன்னாள். ஒருவன் கேட்டதும் மீதியையும் சொன்னாள். சொன்னது வெள்ளிக்கிழமை. யாரிடம் சொன்னோம் என்பது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்ப் மேஜையில் உருண்டு தரையில் விழுந்தது.

ஆஷ்லின் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் கிளார்க். வயது இருபத்து மூன்று. அப்பா யேசுதாஸ் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். பகலெல்லாம் போனஃபைடு சர்ட்டிபிகேட்டும் டிசியும் எழுதுகிற அந்தப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் வேறு முகம் வந்துவிடும். அம்மாவின் பீரோவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவே தலையையும் போனையும் நுழைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பாள். சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்பது அவளாகக் கண்டுபிடித்தது. அந்தப் பேச்சுக்கு ‘புதுப்பாட்டு வெள்ளி’ என்று பெயர். முகம் கிடையாது, சொந்தப் பெயர் கிடையாது, குரல் மட்டும்தான். ஆயிரத்துச் சொச்சம் பேர் கேட்டார்கள்.

சினிமாப் பாட்டைப் பற்றி அவள் பேசுவதில்லை. அதற்கு ஊரே இருக்கிறது என்பாள். வாடகை அறையிலும் மொட்டைமாடியிலும் காலேஜ் ஹாஸ்டல் குளியலறையிலும் உட்கார்ந்து பாட்டுச் செய்கிறவர்கள்தான் அவளுடைய ஆட்கள். நாகர்கோவிலில் ‘ஈரச்சாக்கு’ என்ற பெயரில் இரண்டு பேர், பஸ் பிரேக்கின் கிறீச்சிடலை இழுத்து நீட்டி ஒரு தாலாட்டு பண்ணியிருந்தார்கள். அதைப் பற்றி அவள் அரைமணி நேரம் பேசினாள். திண்டுக்கல்லில் ஒரு பெண் வயலினைக் கிதார் பெடலில் சொருகி வாசித்த பாட்டை, மழைக்கு முன்னால் கரண்ட் கம்பி முனகுவது மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இல்லை, அதைவிட நன்றாக இருக்கிறது என்று அவளே திருத்திக்கொண்டாள். பிடித்துப்போனால் அவளுக்கு நிதானம் போய்விடும். பாட்டுக்குப் பின்னால் கேட்கிற காக்காயையும் மின்விசிறியையும்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவளைக் கேட்பவர்கள் அதற்காகத்தான் கேட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை வந்த பாட்டு ‘ஸ்பீக்கர் செட்’. ‘தகரவானம்’ என்ற பெயரில் யாரோ போட்டிருந்தார்கள். ஒரு பெண் குரல், ஒரு கிதார், அவ்வளவுதான். அழகர்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காதுகுத்து விசேஷம். விவசாயக் கூலிகளின் தெருவில் முதன்முறையாகப் பெரிய ஸ்பீக்கர் செட் கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள். மேலத்தெரு ஆட்கள் வந்து அதை உடைக்கிறார்கள், பாட்டுப் போட்டவரை அடிக்கிறார்கள். அந்தப் பெண் இதை அழாமல், கத்தாமல், பந்தி பரிமாறும்போது யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற குரலில் பாடினாள். தாளத்துக்கு மேளம் இல்லை. அன்றைக்குப் போனில் பதிவான ஒருவனின் அதட்டல்தான் தாளம். “செட்ட நிப்பாட்டுறா” என்கிற அந்த இரண்டு சொல் திரும்பத் திரும்ப வரும். ‘செ’ என்கிறபோது அவன் பல் சந்தில் காற்று மெல்லிதாக விசில் அடிக்கும். பாட்டுக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருந்தார்கள். இது நடந்தது, வழக்கு கோர்ட்டில் இருக்கிறது.

பாட்டு முடிந்த பிறகும் அவர்கள் ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை. கடைசி இருபது நொடிக்கு வெறும் அறை. கீழே எங்கேயோ ஒரு மெஷின் ஓடுகிறது. தூரத்தில் கண்டக்டர் விசில். தகரத்தின் மேல் புறா நடக்கிறது. அந்த இருபது நொடியை ஆஷ்லின் நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள். பள்ளிக்கு நோட்டும் ஃபைலும் வாங்க மாதம் ஒருமுறை மதுரை சிம்மக்கல் மொத்தக் கடைகளுக்குப் போகிறவள். அந்த விசிலும், பாலத்துக்குத் திரும்பும் பஸ் கியர் மாற்றுகிற இடமும் அவள் காதில் ஏற்கெனவே இருந்தன. சேலைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, இது நம்ம சிம்மக்கல், சத்தியமாக நம்ம சிம்மக்கல் என்று சொல்லிவிட்டாள்.

ஒளிந்திருக்கிறவர்கள் எதற்குப் பெயர் போடாமல் பாட்டுப் போடுகிறார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. அவளே பெயர் போடாதவள்தான். அவளைப் பொறுத்தவரை அது வெட்கம்.

அன்று ராத்திரியே ‘மதுரை இசைவெறியன்’ என்று ஒரு கணக்கிலிருந்து செய்தி வந்தது. அக்கா, உங்க காது காது இல்ல, மெஷின். எந்தத் தெருன்னு சொல்ல முடியுமா, அவங்கள நேர்ல பார்த்து ஒரு கும்பிடு போடணும். ஆஷ்லினுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபது வரிக்குப் பதில் எழுதினாள். ஆற்றுப் பக்கம் இறங்குகிற சந்துகளில் ஒன்று. கீழே மாவுமில், மேலே மாடி, தகரக் கூரை. மில்லின் பெல்ட் ஒட்டுப்போட்டது, நாலு சுற்றுக்கு ஒருமுறை ‘சப்’பென்று அறையும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கடைசி வரியில் ஒரு சிரிப்புப் படமும் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவன் நன்றி சொல்லிக் குரல்செய்தி அனுப்பினான். ஹெட்கிளார்க் ஜெரால்ட் சார் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் போனைக் காதில் வைத்தாள்.

“அக்கா, மதியம் ஒரு மணி வாக்குல சிம்மக்கல் வாரோம். நீங்க சொன்ன அடையாளம் போதும். மில்லப் புடிச்சுருவோம்.”

‘சிம்மக்கல்’ என்கிறபோது பல் சந்தில் காற்று மெல்லிதாக விசில் அடித்தது.

அவள் மறுபடி கேட்டாள். பிறகு பாட்டைப் போட்டுக் கேட்டாள். பிறகு குரல்செய்தியை. சந்தேகப்படுவதற்கு இடமே இல்லை. தன் காது தவறாக இருக்க வேண்டும் என்று அவள் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாக வேண்டிக்கொண்டாள். நன்றி சொன்னவனும் ஸ்பீக்கரை உடைத்தவனும் ஒரே ஆள். ‘வாரேன்’ என்று அவன் சொல்லவில்லை. ‘வாரோம்’ என்றான்.

தகரவானம் கணக்குக்கு ஆறு செய்தி அனுப்பினாள். ஒன்றையும் அங்கே யாரும் திறந்து பார்க்கவில்லை. போலீசுக்குப் போன் போட எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். யார் வருகிறார்கள் என்று கேட்டால் பெயர் தெரியாது. யாரை அடிக்க வருகிறார்கள் என்றால் அதுவும் தெரியாது. எப்படித் தெரியும் என்றால், பல் சந்தில் விசில் என்று சொல்ல வேண்டும். வயிற்றுவலி என்று ஜெரால்ட் சாரிடம் அரைநாள் லீவு சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, ஐடி கார்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

சிம்மக்கல்லில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். ஒரு காதில் இயர்போன், அதில் அந்த இருபது நொடி. இன்னொரு காது தெருவுக்கு. பொட்டலம் கட்டுகிற சத்தம், தள்ளுவண்டிச் சத்தம், இரும்புக் கடையில் கம்பி இறக்குகிற சத்தம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. பீரோவுக்குள் நின்று கேட்டபோது ஒவ்வொன்றும் தனித்தனியாக, தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கூழாங்கல் மாதிரித் தெரிந்தது. தெருவில் நின்றால் ஒன்றுமே பிடிபடவில்லை. மூன்று மில் இருப்பதாகப் பூக்கட்டுகிற ஓர் அம்மாள் சொன்னாள். முதல் மில்லில் புது மோட்டார், பெல்ட்டே கிடையாது. இரண்டாவதைத் தேடிப் போனால் ஷட்டர் இறக்கி, துக்க வீட்டுக்குப் போயிருப்பதாகச் சாக்பீசால் எழுதியிருந்தது. மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்று, இதுதான் அந்த மில்லாக இருந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தாள். ஒரு மணி ஆனால் மில்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். மெஷின் நின்றுவிடும். அவளுக்கு வழி சொல்ல ஒன்றும் இருக்காது.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு சந்துக்குள் திரும்பினாள். இயர்போனைக் கழற்றினாள். தடதடதடதட, சப். தடதடதடதட, சப்.

மில்லுக்குப் பக்கவாட்டில் இரும்புப் படி. தெருவைப் பார்த்த மாதிரியே ஏறியது. மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கதவைத் தட்டினாள். உள்ளே கிதார் நின்றது. ரொம்ப நேரம் கழித்துக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். யார் வேணும் என்று அவள் கேட்ட இரண்டு சொல்லிலேயே ஆஷ்லினுக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் அந்தக் குரல். நான்கு நாளாகத் தூக்கத்தில்கூடக் கேட்டுக்கொண்டிருந்த குரல், அழுக்கு நைட்டியும் கலைந்த கொண்டையுமாக எதிரே நின்றது. வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் அழுதிருப்பாள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்தப் பெண் பாண்டிமீனா. காதுகுத்து நடந்தது அவள் பிள்ளைக்கு. கிதாரைத் தொடையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தவன் அவள் தம்பி விக்ரம். அடி வாங்கியவர் அவர்களுடைய அப்பா சின்னான். அதைப் போனில் பிடித்தவன் விக்ரம். வியாழக்கிழமை கோர்ட்டில் அவர்கள் இருவரும் சாட்சி சொல்ல வேண்டும். அதுவரைக்கும் கண்ணில் படாமல் இருங்கள் என்று வக்கீல் சொல்லி, இந்த அறையைப் பிடித்துக் கொடுத்திருந்தார். இதை அவர்கள் விளக்கமாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாக, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

விக்ரம் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. உங்க பேச்ச வாராவாரம் கேப்போம் என்று மட்டும் சொன்னான். திட்டியிருக்கலாம்.

பாண்டிமீனா ஜன்னலிலிருந்து பின்வாங்கினாள். சந்து முனையில் இரண்டு பைக், நான்கு பேர். முன்னால் இறங்கி நிற்கிறவன் முத்துப்பாண்டி, அவன்தான் அந்தக் குரல் என்றாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான். ஆஷ்லின் சொல்லிக்கொடுத்த மாதிரியே, பாட்டின் கடைசியைப் போட்டு, தெருவோடு ஒப்பிட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வந்தான். பெரிய தெருவின் இரைச்சலில் மில் சத்தம் அவனுக்கு இன்னும் பிரிந்து கேட்கவில்லை போல. படியில் இறங்கினால் நேரே அவன் கண்ணில்தான் விழ வேண்டும்.

“அவங்களுக்கு எந்த ரூம்னு தெரியாது. சத்தம் மட்டுந்தான் தெரியும்” என்றாள் ஆஷ்லின். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என்ன செய்ய வேண்டும் என்று புரிந்தது. “என் மூஞ்சி அவங்களுக்குத் தெரியாது. நான் கீழ போயி மில்ல நிப்பாட்டச் சொல்றேன்.”

பாண்டிமீனா ஆணியில் தொங்கிய பூட்டையும் சாவியையும் எடுத்து அவள் கையில் வைத்து அழுத்தினாள். “வெளியில பூட்டிட்டுப் போங்க.”

யார் வந்து யாரைப் பூட்டுகிறது என்று ஆஷ்லின் ஒரு கணம் தயங்கினாள். இவர்களைக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். அவளிடமே சாவியைக் கொடுக்கிறாள் இந்தப் பெண். பூட்டினாள். பைக்காரர்கள் ஒரு ரிக்‌ஷாவுக்கு வழிவிட்டுச் சுவரோரம் திரும்பி நின்ற நேரத்தில் படியை விட்டு இறங்கி மில்லுக்குள் நுழைந்தாள்.

மில்காரர் விருமாண்டி மேல் தொட்டியில் மிளகாய் கொட்டிக்கொண்டிருந்தார். கண், புருவம், மீசையெல்லாம் மாவு. மெஷினை நிறுத்தச் சொன்னதும் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பாதி மிளகாய் உள்ளே கிடக்கு, இப்ப நிப்பாட்டுனா அடைச்சுக்கிரும், நீயா வந்து நோண்டுவ என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் அவர் கத்துவது பக்கத்தில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்காது. ஆஷ்லின் அவர் காதோரம் போய், மேல இருக்குற ரெண்டு பேர அடிக்க ஆள் வருது, இந்தச் சத்தத்த வச்சுத்தான் தேடுறாங்க என்றாள். விருமாண்டி தெருவைப் பார்த்தார். சாக்குக் குவியலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி சுவிட்சை இறக்கினார்.

பெல்ட் உடனே நிற்கவில்லை. அதன் சுற்று தளர்ந்து தளர்ந்து, ‘சப்’ என்று ஒருமுறை அறைந்து, இன்னும் ஒருமுறை அறையலாமா என்று யோசிப்பது போல நகர்ந்து நின்றது. அந்த ஒரு ‘சப்’ சந்து முனைவரை கேட்டிருக்கும் என்று ஆஷ்லினுக்குத் தோன்றியது. மிளகாய் அரைக்கக் காத்திருந்த இரண்டு மூன்று பெண்களோடு சுவரோரம் போய்க் குந்தினாள். பக்கத்தில் இருந்தவள் ராமக்காள், ஐம்பது வயதிருக்கும், தூக்குச்சட்டியை மடியில் வைத்திருந்தாள். காதில் விழாவிட்டாலும் பார்த்தே விஷயத்தை ஊகித்திருந்தாள் போல. தன் முந்தானையை எடுத்து ஆஷ்லின் தலையில் போடாத குறையாகக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

நான்கு பேரும் வந்து வாசலை அடைத்து நின்றார்கள். முத்துப்பாண்டிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். நெற்றியில் திருநீறு, சலவைச் சட்டை. கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்தான். அண்ணே, மில்லு ஓடலையா என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

ஃபியூஸ் போயிருச்சு என்றார் விருமாண்டி.

மேல யாரு குடியிருக்கா என்று கேட்டான். குடியிருக்க அது என்ன மாளிகையா, சாக்குப் போட்டு வச்சிருக்கேன், அடிக்கிற வெயிலுக்கு அந்தத் தகரத்துக்கு அடியில நாய்கூடப் படுக்காது என்றார் அவர். ஒருவன் படியில் பாதி ஏறிப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கு மாப்ள என்று சொல்லி இறங்கினான். சாவி ஆஷ்லினின் உள்ளங்கையில் பல் பதித்துக்கொண்டிருந்தது.

முத்துப்பாண்டி போனைத் தூக்கிப் பிடித்து அந்த இருபது நொடியைப் போட்டான். மில் நின்றுபோன அமைதியில், மில்லின் சத்தம் போனிலிருந்து வந்தது. தடதடதடதட, சப். இந்தச் சத்தம் இந்த மில்லா என்று பெண்களைக் கேட்டான். எல்லா மில்லும் இப்புடித்தான் கத்தும் என்றாள் ராமக்காள். அவன் கண் வரிசையாக வந்து ஆஷ்லின் மேல் நின்றது. இஸ்திரி போட்ட சுடிதார், கையில் பையும் இல்லை, சட்டியும் இல்லை.

நீ எந்தத் தெரு, தங்கச்சி என்று கேட்டான்.

அவள் வாயைத் திறக்கப் போனாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அவள் முகம் அவனுக்குத் தெரியாது. குரல் தெரியும். எத்தனை வெள்ளிக்கிழமை கேட்டிருப்பானோ. ‘சிம்மக்கல்’ என்று அவள் சொன்னதை எத்தனை தடவை திருப்பிப் போட்டுக் கேட்டிருப்பானோ. ஒரே ஒரு சொல் போதும்.

“அதுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது தம்பி” என்றாள் ராமக்காள். “என் அண்ணன் மக. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேன்.”

முத்துப்பாண்டி நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. குனிந்து அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போனைப் பிடித்தான். பாட்டை முதலிலிருந்து முழுச் சத்தத்தில் போட்டான். அவள் முகத்தையே பார்த்தான்.

ஆஷ்லினுக்குப் பாட்டின் ஒவ்வொரு அடியும் தெரியும். எங்கே கிதார் நுழையும், எங்கே பாண்டிமீனா மூச்சு இழுப்பாள், எந்த வரியில் குரல் ஒரு நூல் அளவு உடையும், எல்லாம் தெரியும். பாட்டு கேட்டால் அவள் காலின் கட்டைவிரல் தானாக ஆடும், சின்ன வயதிலிருந்தே. சர்ச்சில் பாடகர் குழு பாடும்போது அம்மா தொடையில் கிள்ளுவாள். இப்போது விரலைச் செருப்புக்குள் மடக்கி அழுத்தினாள். எதிர்ச் சுவரில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அதைப் பார்த்தாள். “செட்ட நிப்பாட்டுறா” என்றது போன். அதைச் சொன்ன வாய் அவள் முகத்துக்கு நேரே, மூடியபடி, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தது. மேலே தகரக் கூரைக்கு அடியில் அந்த இரண்டு பேரும் தங்கள் பாட்டையே கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். யார் கையிலிருந்து அது வருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் சரணத்தில் கிதார் சட்டென்று நிற்கும். குரல் மட்டும் தனியாக, பிள்ளையின் காதில் ரத்தம் துடைத்ததைப் பாடும். அந்த இடத்தில் ஆஷ்லின் இதுவரைக்கும் ஒருமுறைகூடக் கண் கலங்காமல் இருந்ததில்லை. கிதார் நின்றது. கண்ணில் நீர் திரண்டு கன்னத்தில் இறங்கியது. அவளால் தடுக்க முடியவில்லை.

முத்துப்பாண்டியின் சிரிப்பு நின்றது.

ராமக்காள் பலமாகத் தும்மினாள். அடுத்தவளும் தும்மினாள். ராமக்காள் மூக்கைச் சிந்தி எறிந்துவிட்டு, மிளகாய் நெடியில நாங்களே செத்துக்கிட்டு இருக்கோம், நீ வேற வாசல அடைச்சு நிக்கிற, காத்து வர வழி விடுப்பா என்றாள். உண்மையாகவே எல்லாப் பெண்களின் கண்ணிலும் நீர் வழிந்தது. கூட வந்தவர்களில் ஒருவன் இருமிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டான். முத்துப்பாண்டியும் கண்ணைக் கசக்கினான். பாட்டை நிறுத்தினான்.

“ஃபியூஸ் எப்பண்ணே போடுவீக?” என்று கேட்டான்.

ஆள் வந்தாப் போடுவேன், இல்லாட்டி நாளைக்கு என்றார் விருமாண்டி. நாளைக்கு வாரோம் என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். பைக் சத்தம் சந்து முனை தாண்டி, பெரிய தெருவின் சத்தத்தில் கலந்து, அதற்குள்ளும் தனியாகக் கேட்டு, பிறகு கேட்காமல் போகும்வரை ஆஷ்லின் அசையவில்லை. மற்றவர்கள் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். போயிட்டாங்க என்று அவள் சொன்ன பிறகே மூச்சு விட்டார்கள்.

மாவு மூட்டை ஏற்ற வரும் லோடு ஆட்டோவை விருமாண்டி போன் போட்டு வரவழைத்தார். அரைமணி நேரத்தில் அறை காலியானது. கிதாரைச் சாக்கில் சுற்றினார்கள். மைக்கையும் சின்ன கம்ப்யூட்டரையும் கோதுமை மூட்டைக்கு நடுவில் செருகினார்கள். விக்ரம் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டான். பாண்டிமீனா ஏறும் முன் ஆஷ்லினின் கையைப் பிடித்தாள்.

“எங்க பாட்ட இம்புட்டு கூர்ந்து யாரும் கேட்டதில்ல. அன்னிக்கு நீங்க பேசுனதக் கேட்டுட்டு ரெண்டு பேரும் குதிச்சோம். அதே நேரத்துல பயமாவும் இருந்துச்சு” என்றாள். இப்ப எங்க போறோம்னா என்று அவள் ஆரம்பித்ததும் ஆஷ்லின் தலையை ஆட்டித் தடுத்தாள்.

“சொல்லாதீங்க. எனக்குத் தெரிய வேண்டாம்.”

வீட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் போன் அதிர்ந்தது. மதுரை இசைவெறியன். அக்கா, வந்து தேடினோம், அமையல. ஒரு மில் மட்டும் ஃபியூஸ் போயி நிக்குது. நாளைக்கு நீங்க வந்து காட்ட முடியுமா. பதில் சொல்லாவிட்டால் சந்தேகப்படுவான். சொன்னால் என்ன சொல்வது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் யோசித்தாள். பாட்டில் இருந்த சத்தமெல்லாம் வேறெங்கோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டியது என்று சொல்லிவிட்டால் தேடுவதை விட்டுவிடுவான். ஆனால் அவன் குரலும் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. மில் ஒட்டியது என்றால் அதட்டலும் ஒட்டியதுதானே என்று வியாழக்கிழமை கோர்ட்டில் யாராவது எழுந்து நிற்பார்கள். பாட்டின் மேல் பொய் சொல்லக் கூடாது. அப்படியானால் ஒரே ஒரு ஆளின் மேல்தான் சொல்ல முடியும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ‘புதுப்பாட்டு வெள்ளி’ முதன்முறையாகக் கிழமை மாறி வந்தது. சேலைகளுக்கு நடுவே நின்று ஆஷ்லின் பேசினாள். போன வாரம் சிம்மக்கல் என்று சொன்னது என் கற்பனை. பாட்டு பாட்டுதான், அதில் எந்தக் குறையும் இல்லை. குறை என்னிடம். எனக்கு அந்தச் சத்தமும் தெரியாது, இந்தச் சத்தமும் தெரியாது. முன்பு நாகர்கோவில் பஸ் என்று சொன்னதும் அப்படித்தான், காக்காய்க்குப் பெயர் வைத்ததும் அப்படித்தான். காது கூர்மை என்று நீங்கள் பாராட்டப் பாராட்ட, கேட்காததையெல்லாம் கேட்டதாகச் சொன்னேன். என்னை நம்பியவர்கள் மன்னியுங்கள். நடுவில் குரல் இரண்டு இடத்தில் கம்மியது. அதை அழிக்காமல் அப்படியே போட்டாள்.

முதல் பத்து நிமிடத்தில் நாற்பது பேர் விலகினார்கள். ஏமாற்றுக்காரி என்று ஒருவர் எழுதினார். ஈரச்சாக்குக்காரர்கள் எழுதியதை அவள் பாதிக்கு மேல் படிக்கவில்லை. அவள் காத்திருந்தது ஒரே ஒருவனுக்கு. ஏழு மணிக்கு அவனிடமிருந்து குரல்செய்தி வந்தது. எட்டு நொடி. அடுத்த அறையில் அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஷ்லின் பீரோ கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்.

“என்னக்கா இப்புடிப் பண்ணிட்டீக. ஒங்கள நம்பி நாலு பேரு ஒரு நாள் பொழப்ப விட்டு வந்தோம்.”

சலிப்பா, கேலியா, நடிப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. குரலை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் கேட்டாள். ஹாரன். மேலூர், மேலூர் என்று யாரோ கூப்பிடுகிறார்கள். டீ ஆற்றுகிற சத்தம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு. மில் சத்தம் இல்லை. மறுபடி கேட்டாள். இல்லை. ஆனால் மாட்டுத்தாவணியில் டீ குடிக்கிறவன் ஊருக்குத்தான் போகிறான் என்று எந்தச் சத்தமும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. புதன்கிழமை எழுதிய எட்டு சர்ட்டிபிகேட்டில் மூன்றைக் கிழித்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு, ஒரு டிசியில் பிறந்த தேதியை எழுத்தால் எழுதிக்கொண்டிருக்கும்போது போன் ஒளிர்ந்தது. தகரவானம். திறக்கக் கை வரவில்லை. நல்ல செய்தியாக இருந்தால் அவர்கள் அனுப்புவார்கள், கெட்ட செய்தியாக இருந்தால் வேறு யாரோ அவர்கள் போனிலிருந்து அனுப்புவார்கள் என்று தோன்றியது. ஜெரால்ட் சார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். அவள் திறந்தாள்.

சொல்லிட்டோம். ரெண்டு பேரும்.

அவ்வளவுதான் இருந்தது. இப்போது எங்கே இருக்கிறீர்கள், அடி ஒன்றும் படவில்லையே, அவன் கோர்ட்டுக்கு வந்திருந்தானா, வெளியே எப்படி வருவீர்கள். கேள்விகள் வரிசை கட்டி நின்றன. ‘எங்க’ என்று அடித்தாள். அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, டிசியில் விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.